கனடா சூப்பர் விசா மெடிக்கல்: அப்பாவோட பழைய டிபி தழும்பும் சென்னை கிளினிக்கும், என் ரிவ்யூ

கனடா சூப்பர் விசாவுக்காக (அங்க இருக்குற பிள்ளைங்க அப்பா அம்மாவை கூப்பிட்டு ரொம்ப நாள் கூட வெச்சுக்க குடுக்குற விசிட் விசா) அப்பா அம்மாவை திருச்சியில இருந்து சென்னைக்கு கூட்டிட்டுப் போய் மெடிக்கல் முடிச்சுட்டு வந்தேன், அந்த கிளினிக்கைப் பத்தின ரிவ்யூ இது. பேரு போடல. ஏன்னா அங்க இருக்குற டாக்டர் மேலயும் லேப் பொண்ணு மேலயும் எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு, கவுண்டர்ல நடந்த விஷயத்துக்காக அவங்க பேரும் சேர்ந்து கெட்டுப் போகக் கூடாது. ஆனா நடந்ததை முழுசா எழுதுறேன், குறிப்பா வீட்டுல யாருக்காவது எப்பவோ டிபி வந்து சரியாகி இருந்தா தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

தங்கச்சி கனடால டொரன்டோ ஸ்கார்பரோல இருக்கா. ரெண்டாவது குழந்தை பொறந்து எட்டு மாசம் ஆகியும் அப்பா அம்மா இன்னும் பேத்தியை கையில தூக்கலைன்னு அவளுக்கு ஒரே மனக்கஷ்டம், அதனால 2025 ஜூன்ல சூப்பர் விசா போட்டா. அந்த விசால போனா ஒரு தடவைக்கு 5 வருஷம் வரைக்கும் தங்கலாம், 2022 ஜூலைக்கு முன்னாடி 2 வருஷம்தான் இருந்துச்சு. அப்ளை பண்ணி கொஞ்ச நாள்லயே மெடிக்கல் லெட்டர் வந்துடுச்சு, 30 நாளுக்குள்ள முடிக்கணும்னு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, நம்ம குடும்ப டாக்டர் எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் அவர் குடுக்குற சர்டிபிகேட் இதுக்கு செல்லாது. கனடா இமிக்ரேஷன் ஒத்துக்கிட்ட பேனல் டாக்டர்கிட்டதான் போகணும், அந்த லிஸ்ட் ஐஆர்சிசி (கனடா இமிக்ரேஷன் துறை) வெப்சைட்லயே ஊர் வாரியா இருக்கு, பாக்க காசு எதுவும் இல்ல. இதை சொல்லக் காரணம், திருச்சியில ஒரு ஏஜென்ட் "மெடிக்கல் அப்பாயின்ட்மென்ட் நான் வாங்கித் தரேன்"னு ஆளுக்கு ரெண்டாயிரம் கேட்டார். நான் போன் பண்ணினேன், மூணு நிமிஷத்துல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சுது. அதே ஏஜென்ட்தான் இன்னொண்ணும் சொன்னார், அதுக்கு அப்புறம் வரேன்.

என் அப்பா தையல்காரர். பெரிய கடைவீதி பக்கம் ஒரு மாடிப்படிக்கு கீழ முப்பத்தஞ்சு வருஷம் மெஷின் மிதிச்சார். 1996-ல, எனக்கு அப்ப ஒன்பது வயசு, அப்பாவுக்கு விடாம இருமல், சாயந்திரம் ஆனா காய்ச்சல், ஆளு பாதியா இளைச்சுட்டார். புத்தூர் ஜிஹெச்ல எக்ஸ்ரே எடுத்து டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க, செகப்பு கலர் கேப்ஸ்யூல் ஒண்ணு உண்டு அதுல, அதை சாப்பிட்டா யூரின் செக்கச் செவேல்னு போகும். ஒரு நாள் விடாம சாப்பிட்டு முழுசா சரியாயிட்டார். ஆனா எங்களுக்கு அது டிபின்னு தெரியாது, "அப்பாவுக்கு நெஞ்சு சளி"ன்னுதான் அம்மா சொல்லி வெச்சிருந்தாங்க. கடைக்கு வர்றவங்களுக்கு தெரிஞ்சா துணி குடுக்க மாட்டாங்கங்குற பயம். அப்பாவுக்குன்னு தனியா ஒரு எவர்சில்வர் டம்ளர், அடியில அவர் இனிஷியல் பொறிச்சது, நோய் போய் இருபத்தொம்பது வருஷம் ஆகியும் அந்த டம்ளர்ல மட்டும்தான் தண்ணி குடிப்பார், பேரப்பிள்ளைங்க அதை எடுத்தா பதறி வாங்கிடுவார். அது ஏன்னு எனக்கு இந்த மெடிக்கல் லெட்டர் வந்த அன்னிக்கு ராத்திரிதான் தெரிஞ்சுது. மொட்டை மாடியில என்னை கூட்டிட்டுப் போய், "தம்பி, எனக்கு அந்த நோய் வந்துச்சுடா, எக்ஸ்ரேல காட்டிக் குடுத்துடும், அம்மாவை மட்டும் அனுப்பி வெச்சிடு"ன்னார்.

அவர் பயந்ததுக்கு காரணம் இருந்துச்சு. கூட வேலை பாத்த ஒருத்தர் வளைகுடா போறதுக்கு மெடிக்கல் போயி, நெஞ்சுல பழைய தழும்பு இருக்குன்னு அன்ஃபிட் போட்டுட்டாங்க, கடன் வாங்கி ஏஜென்டுக்கு கட்டின காசும் போச்சு. வளைகுடா நாடுங்க மெடிக்கல்ல ரூல் அப்படித்தான், நோய் எப்பவோ சரியாகி வெறும் தழும்பு மட்டும் இருந்தாலும் அன்ஃபிட். நம்ம ஊர்ல முக்கால்வாசி பேருக்கு "ஃபாரின் மெடிக்கல்"னா அந்த கணக்குதான் மனசுல இருக்கு. கனடா அப்படி கிடையாது. அவங்க பாக்குறது இப்ப கிருமி உயிரோட இருக்கா, அடுத்தவங்களுக்கு பரவுமா, அவ்வளவுதான். பழைய தழும்பு இருந்தா கூடுதலா சில டெஸ்ட் கேப்பாங்க, அது சரியா வந்தா விட்டுடுவாங்க.

இது எனக்கு அப்ப தெளிவா தெரியாது. அந்த ஏஜென்ட்கிட்ட கேட்டதுக்கு "டிபி வந்ததே இல்லைன்னு டிக் பண்ண சொல்லுங்க, இருபது முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை யாரு கண்டுபிடிக்கப் போறா"ன்னு அலட்சியமா சொன்னார். இது எவ்வளவு ஆபத்தான பேச்சு தெரியுமா. எக்ஸ்ரேல தழும்பு பளிச்சுன்னு தெரியும், வாயால இல்லைன்னு சொல்லி படத்துல இருக்குன்னு வந்தா பொய் சொன்ன கணக்கு ஆயிடும், கனடா சட்டப்படி உண்மையை மறைச்சா 5 வருஷம் அந்த நாட்டுக்குள்ளயே போக முடியாது. நோயால போகாத விசா பொய்யால போயிடும். வீட்டுல உக்காந்து ஐஆர்சிசி சைட்ல ஒவ்வொரு பக்கமா படிச்சுப் பாத்ததுக்கு அப்புறம்தான் அப்பாகிட்ட போய் "எல்லாத்தையும் சொல்லிடலாம்ப்பா"ன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லல. அம்மா மட்டும் எந்திரிச்சுப் போய் டிரங்க் பெட்டியில ரேஷன் கார்டுக்கு கீழ இருந்து ஜிஹெச்ல குடுத்த அந்த பழைய சிகிச்சை அட்டையை எடுத்து மஞ்சப்பையில வெச்சாங்க. ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்துச்சு, ஆனா எழுத்து தெரியுது, மாத்திரை வாங்கின தேதி எல்லாம் வரிசையா இருக்கு.

சரி கிளினிக்குக்கு வரேன். போன்ல அப்பாயின்ட்மென்ட் போட்ட பொண்ணு "காலைல எட்டரைக்கு வந்துடுங்க, வெறும் வயித்துல வரணும்"னு சொன்னாங்க. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி விடிகாலைல எழும்பூர்ல இறங்கி, ஒரு லாட்ஜ்ல குளிச்சுட்டு, எட்டேகாலுக்கே போய் உக்காந்துட்டோம். அம்மாவுக்கு சுகர் உண்டு, பதினோரு வருஷமா மாத்திரை. சாப்பிடாததால மாத்திரையும் போடல. பத்து மணி ஆச்சு, பதினொண்ணு ஆச்சு, கூப்பிடவே இல்ல. பதினொண்ணேகாலுக்கு அம்மா கை நடுங்குது, நெத்தியெல்லாம் வேர்வை, புடவைத் தலைப்பால தொடைச்சுக்கிட்டே "ஒண்ணும் இல்லடா"ங்குறாங்க. பையில இருந்த கடலை மிட்டாயை உடைச்சு வாயில போட்டு, ஓடிப்போய் கவுண்டர்ல சொன்னா, உள்ள இருந்து லேப் பொண்ணு வெளிய வந்து அம்மா கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, "யாரும்மா உங்களை வெறும் வயித்துல வர சொன்னது, இந்த டெஸ்டுக்கு அது தேவையே இல்லையே"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒரு கோவம். கனடா மெடிக்கல்ல எடுக்குற ரத்தம் ஹெச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும், சுகர் இருந்ததால அம்மாவுக்கு கூடுதலா கிரியாட்டினினும் (கிட்னி டெஸ்ட்) 3 மாச சராசரி சுகரும் எடுத்தாங்க, இதுல எதுக்குமே பட்டினி கிடக்க வேண்டியதில்ல. போன்ல பேசுறவங்களுக்கு அது தெரியல. சாதாரண மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு சொல்ற மாதிரி எல்லாருக்கும் சொல்லிடுறாங்க. வயசானவங்க, சுகர் உள்ளவங்க வர்ற இடத்துல இது சின்ன தப்பு கிடையாது.

சாப்பிட்டு வந்ததுக்கு அப்புறம் மத்த வேலையெல்லாம் மளமளன்னு நடந்துச்சு, அதை குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட் பாத்து அங்கயே போட்டோ எடுத்துக்கிட்டாங்க, நாம போட்டோ கொண்டு போக வேண்டாம். உயரம், எடை, கண்ணாடி போட்டு ஒரு தடவை போடாம ஒரு தடவை கண் டெஸ்ட் (கண்ணாடியை மறக்காம எடுத்துட்டுப் போங்க), பிபி, யூரின், ரத்தம், எக்ஸ்ரே. அப்பாவுக்கு முதல்ல பாத்தப்ப பிபி 160-க்கு மேல. நர்ஸ் அதை அப்படியே எழுதிடாம "கொஞ்சம் உக்காருங்கய்யா, தண்ணி குடிங்க"ன்னு சொல்லி இருபது நிமிஷம் கழிச்சு திரும்ப பாத்தாங்க, 138-க்கு வந்துச்சு. குழந்தைங்களோட போறவங்களுக்காக சொல்றேன், யூரின் டெஸ்ட் 5 வயசுல இருந்து, எக்ஸ்ரே 11 வயசுல இருந்து, ரத்தம் 15 வயசுல இருந்துதான். மாசமா இருக்குறவங்க முதல்லயே சொல்லிடுங்க, எக்ஸ்ரேயை குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் எடுத்துக்கலாம். பொம்பளைங்களுக்கு இன்னொரு விஷயம், பரிசோதனை பண்ணும்போது கூட ஒருத்தர் இருக்கணும்னு எப்ப வேணா கேக்கலாம், அது உங்க உரிமை. மறைவிடப் பரிசோதனை எதுவும் இந்த மெடிக்கல்ல கிடையாது, யாராவது கேட்டா ஒத்துக்க வேண்டியதில்ல. அம்மாவுக்கு லேடி நர்ஸ் கூடவே இருந்தாங்க, அந்த விஷயத்துல இந்த கிளினிக் சுத்தம்.

இப்ப டாக்டர் ரூம். அறுபது வயசு இருக்கும் அவருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்குற கேள்வியை ஒவ்வொண்ணா தமிழ்ல கேட்டு டைப் பண்றார், ஆபரேஷன் நடந்திருக்கா, இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா. அப்புறம் "டிபி வந்திருக்கா, இல்ல வீட்டுல யாருக்காவது வந்து நீங்க கூட இருந்திருக்கீங்களா"ன்னார். அப்பா தன் கைவிரலையே பாத்துட்டு இருக்கார். ஊசி குத்தி குத்தி காய்ச்சுப் போன அந்த ஆள்காட்டி விரல் நுனியை கட்டைவிரலால தேச்சுக்கிட்டே இருக்கார், வாய் திறக்கல. நானும் பேசல, அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அம்மாதான் மஞ்சப்பையில கையை விட்டு அந்த அட்டையை எடுத்து மேஜை மேல வெச்சாங்க.

டாக்டர் அதை ரெண்டு கையாலயும் எடுத்தார். ஒவ்வொரு வரியா பாத்தார். "ஐயா, ஆறு மாசமும் ஒரு தவணை கூட விடல நீங்க"ன்னார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். "தொண்ணூத்தாறுல குடுத்த அட்டையை இன்னிக்கு வரைக்கும் வெச்சிருக்கீங்க, இங்க வர்றவங்கள்ல பத்துல ஒருத்தர்கிட்ட கூட இது இருக்காது, எனக்கு பாதி வேலை குறைஞ்சுது"ன்னு சொல்லிட்டு எக்ஸ்ரே படத்தை ஸ்கிரீன்ல போட்டு எங்க பக்கம் திருப்பினார். வலது பக்கம் மேல, கழுத்து எலும்புக்கு கீழ கோடு கோடா வெள்ளையா. "இதுதாங்கய்யா தழும்பு, கத்திரிக்கோல் பட்ட காயம் ஆறின மாதிரி. ஆனா ஆறிடுச்சுன்னு நான் வாயால சொன்னா கனடா ஏத்துக்காது, சளியை எடுத்து கல்ச்சர் போட்டு, அதாவது லேப்ல கிருமி வளருதான்னு பாத்து காட்டணும். மூணு நாள் தொடர்ந்து காலைல வரணும், ரிசல்ட் முழுசா வர எட்டு வாரம் ஆகும். அந்த எட்டு வாரமும் உங்க ஃபைல் நிக்கும். நிக்கிறதைப் பாத்து ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, முடிவு எடுக்கறது நான் கிடையாது, அவங்க ஆளுங்க, நான் இருக்கறதை இருக்கற மாதிரி அனுப்புவேன்."

அப்பா அப்பதான் முதல் தடவையா பேசினார். "டாக்டர் சார், வீட்டுல குழந்தைங்களுக்கு என்னால ஏதாவது..."ன்னு இழுத்தார். டாக்டர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, "ஐயா, இதே சென்னையில சேத்துப்பட்டுல 1956-ல ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. டிபி உள்ளவங்களை சானடோரியத்துல தனியா வைக்கணுமா, வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டா போதுமான்னு பாத்தாங்க. வீட்டுல இருந்தே குணமாயிடுது, கூட இருக்குறவங்களுக்கும் அதனால ஆபத்து கூடலன்னு தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா மாத்திரையை வீட்டுக்கே குடுத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. நீங்க மாத்திரையை முடிச்ச அன்னிக்கே உங்க வீட்டுக்கு பயம் போயிடுச்சு"ன்னார். இருபத்தொம்பது வருஷம் தனி டம்ளர்ல தண்ணி குடிச்ச மனுஷன்கிட்ட இதை ஒரு டாக்டர் சொல்றார். எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. 1996-லயே யாராவது ஒருத்தர் அவரை உக்கார வெச்சு இதை சொல்லி இருக்கணும்.

அந்த ரூமை விட்டு வெளிய வந்து பத்து நிமிஷம் கூட ஆகல. ஹால்ல ஒரு நாப்பது பேர் இருப்பாங்க. பில் போடுற கவுண்டர்ல இருந்து ஒருத்தர் எந்திரிச்சு நின்னு சத்தமா, "யாருங்க அந்த டிபி கேஸ், சளி டெஸ்ட் ஃபீஸ் கட்டிட்டுப் போங்க"ன்னு கத்தினார்.

மொத்த ஹாலும் திரும்பிப் பாத்துச்சு. அப்பாவுக்கு பக்கத்துல உக்காந்திருந்த வேற ஒரு பொண்ணு, கையில குழந்தை, அந்த குழந்தையை தூக்கிட்டு அந்தப் பக்க நாற்காலிக்கு போயிட்டாங்க. அவங்களை நான் தப்பு சொல்ல மாட்டேன், பயம். அப்பா எதுவும் சொல்லாம எந்திரிச்சு வெளிய போய் மாடிப்படி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். ஊருக்கே தெரியக் கூடாதுன்னு பெத்த பிள்ளைங்ககிட்ட கூட மறைச்சு வெச்ச விஷயம் அது.

நான் கவுண்டர்ல சண்டை போடல. நேரா டாக்டர் ரூம் கதவைத் தட்டி நடந்ததை சொன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. பேஷன்டை உக்கார சொல்லிட்டு என்கூடவே வெளிய வந்து, மாடிப்படிகிட்ட போய் அப்பா கையைப் பிடிச்சு, "ஐயா, என் இடத்துல இப்படி நடந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க"ன்னார். அதோட விடல. அடுத்த நாள் காலைல நாங்க போனப்ப எல்லாருக்கும் டோக்கன் நம்பர் குடுத்து நம்பரை மட்டும்தான் கூப்பிட்டாங்க, பேரும் இல்ல, டெஸ்ட் பேரும் இல்ல. ஒரே நாள்ல மாத்த முடிஞ்ச விஷயம் முன்னாடியே ஏன் செய்யலன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான். உடம்பைப் பத்தின விஷயம் ரூம்ல பேசுறதோட நிக்கணும், கவுண்டர்ல உக்கார வைக்குறவங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடி இதை சொல்லிக் குடுக்கணும்.

மூணு நாள் சென்னையில தங்கினோம், பெரம்பூர்ல சித்தப்பா வீடு இருந்ததால சமாளிச்சோம், வெளியூர்ல இருந்து போறவங்க டிபி ஹிஸ்டரி இருந்தா முதல்லயே அதுக்கு தயாரா போங்க, ரிட்டர்ன் டிக்கெட்டை அன்னிக்கே போட்டு வெக்காதீங்க. சளி டெஸ்டுக்கு மட்டும் காலைல எதுவும் சாப்பிடாம வரணும், வாயை வெறும் தண்ணியில கொப்பளிக்கணும். தனியா ஒரு சின்ன ரூம், ஜன்னல், சுத்துற ஃபேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேப் பொண்ணு நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, வேற ஒருத்தர் சளியை குடுத்து ஏமாத்தக் கூடாதுங்குறதுக்காக கண் முன்னாடிதான் எடுக்கணும். பிரச்சனை என்னன்னா அப்பாவுக்கு இருமலே இல்ல, சளி எங்க இருந்து வரும். முதல் நாள் வெறும் எச்சில்தான் வந்துச்சு. அந்த பொண்ணு சலிச்சுக்கவே இல்ல, "அப்பா, மூச்சை நல்லா உள்ள இழுங்க, கொஞ்சம் நிறுத்துங்க, இப்ப அடிவயித்துல இருந்து இருமுங்க"ன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தானும் கூடவே மூச்சு இழுத்துக் காட்டினாங்க. அப்புறம் உப்புத் தண்ணியை மெஷின்ல ஆவியாக்கி ஒரு பதினஞ்சு நிமிஷம் பிடிக்க வெச்சாங்க, அதுக்கு அப்புறம் வந்துச்சு. மூணு நாளும் அவங்களேதான் இருந்தாங்க, மூணு நாளும் அப்பான்னுதான் கூப்பிட்டாங்க.

காசு விஷயம். எங்களுக்கு மெடிக்கல் ஆளுக்கு ஏழாயிரம் கிட்ட, சளி டெஸ்ட் தனி பில், அது அதுக்கு மேலயே ஆச்சு. எதுவும் திரும்ப கிடைக்காது, விசா வரலைன்னாலும். ஃபீஸ் எவ்வளவுன்னு ஹால்ல எங்கயும் போர்டு இல்ல, போன்ல கேட்டா "வந்து தெரிஞ்சுக்கோங்க"ன்னாங்க, இது சரியில்ல. ரசீது கேட்டு வாங்குங்க, மெடிக்கல் முடிச்சதுக்கான இன்ஃபர்மேஷன் ஷீட்டும் மறக்காம வாங்குங்க, அதுதான் கையில இருக்குற ஆதாரம். ரிப்போர்ட்டை நம்ம கையில குடுக்க மாட்டாங்க, இ-மெடிக்கல்னு ஒரு ஆன்லைன் சிஸ்டம் வழியா நேரா ஐஆர்சிசிக்குப் போயிடும். ஆனா எக்ஸ்ரே, லேப் ரிசல்ட்டுக்கு காப்பி வேணும்னு கேட்டு வாங்கிக்கலாம்.

அம்மா சுகரைப் பத்தி நிறைய பேர் கேட்டாங்க, அதனால இதையும் எழுதிடுறேன். சுகர், பிபி இருக்குங்குறதுக்காக மட்டும் யாரையும் தள்ளிட மாட்டாங்க. கனடா சட்டப்படி உடம்பு காரணமா மறுக்குறதுக்கு மூணே வழிதான், ஊர்ல பரவுற நோய், மத்தவங்க பாதுகாப்புக்கு ஆபத்து, இல்லேன்னா அந்த ஊர் அரசாங்கத்துக்கு வைத்தியச் செலவு அளவுக்கு மீறி ஆகும்ங்குறது. அந்த செலவு வரம்பு 2025 கணக்குல வருஷத்துக்கு 27,162 கனடா டாலர். 2018-ல அந்த வரம்பை மூணு மடங்கா ஏத்தினாங்க, அதுக்கு அப்புறம் நிறைய பேர் தப்பிச்சாங்க. புருஷன் பொண்டாட்டியையோ தன்னை நம்பி இருக்குற பிள்ளைங்களையோ ஸ்பான்சர் பண்ணி கூப்பிடுறவங்களுக்கு இந்த செலவு கணக்கே பாக்க மாட்டாங்க, அகதிகளுக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு ரெண்டே வாரத்துல மெடிக்கல் பாஸ்னு ஆன்லைன்ல மாறிடுச்சு. பாஸ் ஆனா இன்சூரன்ஸ் வேண்டாம்னு நினைச்சுடாதீங்க, சூப்பர் விசாவுக்கு ஒரு வருஷத்துக்கு குறைஞ்சது 1 லட்சம் கனடா டாலர் கவரேஜ் தனியா வேணும், ரெண்டும் வேற வேற. பிஆர்க்கு (கனடால நிரந்தரமா தங்குற உரிமைக்கு) எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியா போடுறவங்களுக்கு 2025 ஆகஸ்ட் 21-ல இருந்து மெடிக்கலை முன்னாடியே முடிச்சுட்டுத்தான் அப்ளிகேஷனே போடணும், பழைய வீடியோ பாத்துட்டு லெட்டர் வரும்னு காத்துட்டு இருக்காதீங்க. மெடிக்கல் ரிசல்ட் 12 மாசம்தான் செல்லும்.

அப்பாவோட எட்டு வாரம் எங்களுக்கு எட்டு வருஷமா போச்சு. தங்கச்சி தினமும் ராத்திரி அக்கவுண்டைத் திறந்து திறந்து பாப்பா, "இன்னும் மாறலண்ணா"ம்பா. அப்பா அந்த எட்டு வாரமும் கடைக்கு போகல. செப்டம்பர் கடைசில ஒரு நாள் கிளினிக்ல இருந்து போன், டாக்டரே பேசினார், மூணு கல்ச்சரும் நெகட்டிவ், அனுப்பிட்டேன்னு. அதுக்கு அப்புறம் ஐஆர்சிசில இருந்து வந்த லெட்டர்ல மெடிக்கல் சர்வேலன்ஸ்னு ஒரு வரி இருந்துச்சு, அதைப் பாத்து திரும்ப பதறினோம். பதற வேண்டியதில்ல. கனடா போய் இறங்கின 30 நாளுக்குள்ள அந்த ஊர் பப்ளிக் ஹெல்த் ஆபீஸ்ல பதிஞ்சுக்கணும், அவங்க ஒரு தடவை கூப்பிட்டு பாப்பாங்க, அவ்வளவுதான். அப்பா டொரன்டோ பப்ளிக் ஹெல்த்ல பேசி, அவங்க சொன்ன இடத்துல போய் பாத்துட்டு வந்துட்டார், இப்ப பேத்தியை மடியில வெச்சுக்கிட்டு வீடியோ கால் பண்றார்.

மார்க் போடணும்னா டாக்டருக்கு 5-க்கு 5, லேபுக்கு 5, நர்ஸ்களுக்கு 4, போன்ல பேசுறவங்களுக்கும் கவுண்டருக்கும் 1. மொத்தமா 3.5. டிபி ஹிஸ்டரி உள்ளவங்க இங்க தைரியமா போகலாம்னு நேர்ல கேக்குறவங்களுக்கு பேரு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுப் போங்கன்னும் சேத்து சொல்றேன்.

எக்ஸ்ரே சிடி வாங்க அக்டோபர்ல கடைசியா ஒரு தடவை அப்பாவும் நானும் போனோம், கனடால கேட்டா காட்ட வேணும்னு. டோக்கன் முறை அப்படியே இருந்துச்சு. கவுண்டர்ல நான் சிடிக்கு பணம் கட்டிட்டு திரும்புறேன், அப்பாவை உக்கார வெச்ச நாற்காலியில காணோம். பாத்தா ரெண்டு வரிசை தள்ளி, வேட்டி கட்டின ஒரு பெரியவர் கையில சளி டெஸ்ட் சீட்டை மடிச்சு மடிச்சு பிடிச்சுக்கிட்டு தலை குனிஞ்சு உக்காந்திருக்கார், அவர் பக்கத்துல போய் உக்காந்துட்டார் அப்பா. நான் கிட்டப் போறப்ப அப்பா குரல் கேக்குது. "எனக்கும் தொண்ணூத்தாறுல வந்துச்சுங்க, போன ஜூலைல இதே ரூம்லதான் எடுத்தாங்க. ராத்திரி நல்லா தண்ணி குடிச்சுட்டுப் படுங்க. காலைல சளி வரலைன்னா உப்புத்தண்ணி ஆவி குடுப்பாங்க, கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான். அந்த பொண்ணு சொல்ற மாதிரி மூச்சை இழுங்க, நல்ல பொண்ணு."